எலும்புக்கு எந்த மதம்?

வந்தேறி! இந்த ஒரு சொல் போதும், நேற்றுவரை நம் தோளிலே கைபோட்டு நடந்தவனை இன்று நடுத்தெருவிலே தனியனாக நிறுத்திவிட!

முன்பெல்லாம் இச்சொல்லை வீசுவோர் புராணத்தைத் துணைக்கு அழைத்து வந்தனர். முகத்திலே பிறந்தவன், காலிலே பிறந்தவன் என்ற கதைகளை அவிழ்த்துவிட்டனர். அக்கதைகளைப் பகுத்தறிவுப் பாசறைகள் நார் நாராகக் கிழித்துப் போட்டபின், இன்று வேறு வேடம் புனைந்து வந்திருக்கின்றனர். புராணத்துக்குப் பதில் விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லுகின்றனர். "மரபணு சொல்லிவிட்டது!" என்கின்றனர். சோதிடன் கையிலிருந்த ஏட்டுச் சுவடி போய், சோதனைச்சாலையின் தாள் வந்திருக்கிறது. ஏடு மாறிற்று, எண்ணம் மாறவில்லை.

யார் இவர்கள்? மூன்று திசைகளில் மூவர் நிற்கக் காண்கிறோம். "முஸ்லிம் என்பவன் அரபு நாட்டிலிருந்து வந்தவன், அவன் குருதி வேறு, நம் குருதி வேறு" என்கிறார் ஒருவர். "ஆமாம், எங்கள் பாட்டனார் அரபு நாட்டுப் பெருங்குடியினர், மற்ற முஸ்லிம்களைவிட நாங்கள் ஒரு படி உயர்ந்தவர்கள்" என மார்தட்டுகிறார் இன்னொருவர். "ஈராயிரம் ஆண்டாகக் கலப்பே அறியாதது எங்கள் சாதிக் குருதி" என மாநாடு கூட்டி முழங்குகிறார் மூன்றாமவர். ஒருவரையொருவர் கடித்துக் குதறுவது போலத் தோன்றினும், மூவரும் ஒரே திண்ணைப் பள்ளியின் மாணாக்கர்! தூய குருதி என ஒன்று உண்டு, அதிலே மதமும் குலமும் எழுதப்பட்டிருக்கிறது என்ற ஒரே பாடத்தைத்தான் மூவரும் மனப்பாடம் செய்திருக்கின்றனர்.

அந்தப் பாடம் பொய் என்று நாம் கூறுகிறோம். வெறும் வாய்ச்சொல்லாகக் கூறவில்லை. சாட்சிகளை நிறுத்திக் கூறுகிறோம். சாட்சிகள் உயிரோடு இருப்பவரல்லர். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக மண்ணுக்குள் கிடந்தவர்கள்!

எங்கள் வட்டாரத்து இருக்கன்குடியிலே அர்ச்சுனா நதியும் வைப்பாறும் ஒன்றுகூடுகின்றன. ஆடி மாதத்துக் கடைசி வெள்ளியன்று அந்த ஆற்றுமணலிலே திரளும் கூட்டத்தைத் தென்மாவட்டத்தார் அனைவரும் அறிவர். ஆற்றிலே நீர் வரும் காலத்தில், கூடுதுறைக்குக் கீழே ஒரு குடம் நீரை மொண்டு, "இதில் அர்ச்சுனா நதியின் நீரைத் தனியாகவும் வைப்பாற்று நீரைத் தனியாகவும் பிரித்துக் கொடு" என்று ஒருவன் கேட்டால் ஊரார் கைகொட்டிச் சிரிப்பர். நீரை ஆராயும் அறிஞன் ஒருவேளை, இதில் இவ்வளவு பங்கு இந்த மலையிலிருந்து வந்தது, இவ்வளவு பங்கு அந்தக் காட்டிலிருந்து வந்தது எனக் கணக்கிட்டுச் சொல்லக்கூடும். ஆனால் அவனும் ஒரு துளியை எடுத்து, "இதுவே தூயது, மற்றவை வந்தேறித் துளிகள்" என்று முடிசூட்ட மாட்டான். மரபணு ஆராய்ச்சி செய்வதும் அந்த அறிஞன் வேலைதான். அதன் பெயரால் முடிசூட்டு விழா நடத்துவோர் வேறு ஆட்கள்.

எலும்பு எப்படிப் பேசுகிறது?

மாண்டவன் எலும்பிலே அவனைப் பெற்றவர்களின் முத்திரை எஞ்சியிருக்கிறது. பல்லிலும், உட்செவியைச் சூழ்ந்திருக்கும் கல் போன்ற எலும்பிலும் அது நெடுங்காலம் நிலைக்கிறது. தாயிடமிருந்து மட்டும் பிள்ளைகளுக்கு வரும் கூறு ஒன்று உண்டு. தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் வரும் கூறு மற்றொன்று. இவ்விரண்டைவிடப் பெரியது, இருவழியிலும் வந்த முன்னோர் அனைவரின் கலவை. இவற்றைப் படித்து, உலகெங்கும் உள்ள மக்களின் மரபணுவோடு ஒப்பிட்டு, இவனுடைய முன்னோர் எந்தெந்தப் பகுதி மக்களோடு உறவுடையோர் எனக் கூறுகின்றனர். எலும்பில் எஞ்சிய கரிமத்தை அளந்து காலத்தையும் கணிக்கின்றனர். இத்துறைக்கு அடித்தளமிட்ட ஸ்வாந்தே பேபோ என்ற அறிஞருக்கு 2022ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதற்கு ஒரு பெரும் பகை உண்டு: வெப்பம். வெயிலும் ஈரமும் மரபணுவைச் சிதைத்துவிடும். ஆகவே குளிர்நாடுகளில் ஆயிரக்கணக்கான பழைய மனிதர்களின் மரபணுவைப் படித்துவிட்டனர். நம் போன்ற வெயில் நாட்டிலே கிடைத்தவை மிகச் சில. இதை நினைவில் வைத்துக்கொண்டு இனிச் சாட்சிகளை அழைப்போம்.

முதற் சாட்சி: சிரியா நாட்டு மேடு

சிரியாவின் தென்பகுதியிலே தெல் கராசா என்றொரு மேடு இருக்கிறது. 2009, 2010ஆம் ஆண்டுகளில் அதை அகழ்ந்தனர். அகழ்ந்தவர்கள் தேடியது, உழவுத் தொழில் பிறந்த காலத்து மனிதர்களை. ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட மக்களை. பதினால்வரின் எலும்புகள் ஆய்வுக்கு வந்தன. அவர்களுள் மேலடுக்கிலே கிடந்த இருவரிடம் மட்டும் படிக்கத்தக்க மரபணு எஞ்சியிருந்தது. காலத்தை அளந்து பார்த்தவர் திகைத்தனர். அவ்விருவரும் பத்தாயிரம் ஆண்டுக்கு முற்பட்டவரல்லர். ஏழாம் நூற்றாண்டின் இறுதியையும் எட்டாம் நூற்றாண்டையும் சேர்ந்தவர். டமாஸ்கசிலே உமையா அரசு கொடிகட்டி ஆண்ட காலம் அது. 661 முதல் 750 வரை. உடலை ஒருக்களித்துக் கிடத்தி, முகத்தை மெக்கா நகரின் திசை நோக்கி வைத்திருந்தனர். இஸ்லாம் தோன்றி நூறாண்டு நிறையும் முன்னரோ, சற்றே பின்னரோ புதைக்கப்பட்ட முஸ்லிம்கள்!

2022ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழக அறிஞர்களும் அவர்தம் தோழர்களும் முடிவை வெளியிட்டனர். அவ்விருவரும் அப்பகுதியிலே முன்பு வாழ்ந்த மக்களைப் பெரிதும் ஒத்திருக்கவில்லை. இன்றைய பெடோயின் மக்களையும் சவுதி அரேபிய மக்களையும் ஒத்திருந்தனர். தங்கள் ஊரைவிட்டு வந்து, வந்த இடத்தில் மாண்டவர்களாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

உடனே துள்ளிக் குதிப்பார் நம் முதல் நண்பர். "பார்த்தீரா! அரபியர் வந்தனர், ஊரைப் பிடித்தனர், குருதியையே மாற்றினர்!" என்பார். பொறுமை, ஐயா, பொறுமை! ஒரு சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதும் நீதிமன்றம் உலகில் எங்குமில்லை. வந்தவர் இருந்தனர் என்று எலும்பு சொல்லிற்று. இருந்தவர் அனைவரும் போய்விட்டனர் என்று சொல்லிற்றா? இரண்டாம் சாட்சியைக் கேட்போம்.

இரண்டாம் சாட்சி: அடுத்த வீட்டு லெபனான்

சிரியாவை ஒட்டியிருக்கிறது லெபனான். அங்கே சைதா என்ற பழைய துறைமுக நகரில், ஏறத்தாழ 3,700 ஆண்டுக்கு முன் வாழ்ந்த ஐவரின் மரபணுவைப் படித்து 2017ஆம் ஆண்டு வெளியிட்டனர். அவர்கள் கானானியர், பழைய ஏற்பாட்டிலே, ஒருவரையும் விடாமல் அழித்துவிடும்படி கட்டளை பிறந்ததாகக் கூறப்படும் மக்கள். அவர்களை இன்றைய லெபனான் மக்களோடு ஒப்பிட்டனர். என்ன கண்டனர்? இன்றைய லெபனான் மக்களின் முன்னோர் பங்கில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டது அந்தக் கானானியரிடமிருந்தே வந்திருக்கிறது!

அழித்துவிடும்படி வேதம் சொன்னவர்கள் அழியவில்லை. பாரசீகர் வந்தனர், கிரேக்கர் வந்தனர், ரோமர் வந்தனர், அரபியர் வந்தனர், சிலுவைப் போர்வீரர் வந்தனர், துருக்கியர் வந்தனர். மன்னர் மாறினர், மொழி மாறிற்று, கடவுளின் பெயர் பலமுறை மாறிற்று. மக்கள் மட்டும் பெரும்பாலும் அங்கேயே இருந்தனர். இன்று அந்நாட்டிலே ஒருவன் மணி அடிக்கும் கோயிலுக்குப் போகிறான், ஒருவன் பாங்கு ஒலிக்கும் பள்ளிவாசலுக்குப் போகிறான். இருவருக்கும் பாட்டன் பாட்டி பெரும்பாலும் ஒருவரே! அந்த இருவரும் 1975 முதல் 1990 வரை பதினைந்து ஆண்டுகள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டனரே, எந்தக் குருதியைக் காக்க?

மூன்றாம் சாட்சி: பிரான்சு நாட்டு மூன்று கல்லறைகள்

பிரான்சின் தெற்கே நீம் என்ற நகர். ரோமர் கட்டிய அந்தப் பழைய நகரிலே மூன்று கல்லறைகள் வெளிப்பட்டன. வலப்பக்கமாக ஒருக்களித்த உடல்கள். மெக்கா திசை நோக்கிய முகங்கள். காலம் ஏழாம் நூற்றாண்டுக்கும் ஒன்பதாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது. எட்டாம் நூற்றாண்டில் தென்பிரான்சின் ஒரு பகுதி சில பத்தாண்டுகள் முஸ்லிம் ஆட்சியின் கீழ் இருந்தது. அக்காலத்தவர் இவர் என முடிவு செய்தனர். 2016ஆம் ஆண்டு வெளிவந்தது ஆய்வு.

"அரபுப் படை" என்றுதானே வரலாற்றுப் பாடத்தில் படித்தோம்? அவர்களுடைய தந்தைவழிக் கூறோ அரபு நாட்டைக் காட்டவில்லை. வட ஆப்பிரிக்காவைக் காட்டிற்று. பெர்பர் என அழைக்கப்படும் மக்களிடையே மிகுதியாகக் காணும் கூறு அது. அதாவது, அரபியரால் வெல்லப்பட்ட மக்கள் இஸ்லாத்தைத் தழுவி, ஒரு தலைமுறைக்குள் படையிலே சேர்ந்து, ஐரோப்பா வரை சென்றிருக்கின்றனர். எழுதியவன் ஏட்டிலே "அரபியர்" என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போனான். எலும்பு திருத்தியது!

நான்காம் சாட்சி: ஆப்பிரிக்கக் கடற்கரை

கிழக்காப்பிரிக்காவின் கடற்கரையிலே கில்வா, மண்டா, சோங்கோ மினாரா எனப் பவளக்கல்லால் எழுந்த பழைய வணிக நகரங்கள் உண்டு. சுவாஹிலி மக்கள் கட்டியவை. "இவற்றை ஆப்பிரிக்கர் கட்டியிருக்கவே முடியாது, வெளியிலிருந்து வந்தவன்தான் கட்டினான்" என்று வெள்ளையர் ஆட்சிக்காலத்தில் எழுதினர். அந்நாட்டுப் பழங்கதையோ பாரசீகத்து ஷிராஸ் நகரிலிருந்து வந்த இளவரசர்களைப் பற்றிப் பேசிற்று. 2023ஆம் ஆண்டு, 1250 முதல் 1800 வரையிலான காலத்தைச் சேர்ந்த 80 பேரின் மரபணுவைப் படித்து வெளியிட்டனர்.

கண்டது என்ன? ஏறத்தாழ கி.பி. 1000 அளவிலே கலப்புத் தொடங்கியது. தாய்வழி பெரும்பாலும் ஆப்பிரிக்கம். தந்தைவழியிலே பெரும்பங்கு பாரசீகம். அந்த ஆசியப் பங்கிலே இந்தியத் தொடர்புடைய ஒரு சிறு பகுதியும் உண்டு! கடல் கடந்தால் தீட்டு என்று இங்கே சாத்திரம் எழுதிக்கொண்டிருந்தனர். அங்கேயோ யாரோ ஓர் இந்தியப் பாட்டன் பேரப்பிள்ளைகளைப் பெற்றிருக்கிறான்! பிள்ளைகள் பேசியது எந்த மொழி? தாயின் மொழி. ஆப்பிரிக்க மொழியாகிய சுவாஹிலி, அரபுச் சொற்களை ஏற்றுக்கொண்டு ஆப்பிரிக்க மொழியாகவே இன்றும் வாழ்கிறது. "எல்லாம் வெளியிலிருந்து வந்தது" என்ற வெள்ளையன் ஆணவமும் வீழ்ந்தது. "வெளியிலிருந்து எதுவுமே வரவில்லை" என்ற கட்சியும் வீழ்ந்தது.

நான்கு சாட்சிகளையும் சேர்த்துப் பாருங்கள். சிரியாவில் அரபு நாட்டு உறவினர். லெபனானில் மண்ணின் பழைய மக்கள். பிரான்சில் வட ஆப்பிரிக்கர். சுவாஹிலிக் கரையில் ஆப்பிரிக்கத் தாயும் பாரசீகத் தந்தையும் ஈன்ற மக்கள். நான்கு இடம், நான்கு குருதி, ஒரே மதம்! முஸ்லிம் என்பதை ஆய்வாளர் எதைக் கண்டு அறிந்தனர்? உடலைக் கிடத்திய முறையையும் அவர் வாழ்ந்த ஊரின் சின்னங்களையும் கண்டு! இறந்தவனை அன்போடு ஒருக்களித்துப் படுக்கவைத்த உயிருள்ள கைகள் விட்டுச் சென்ற குறிப்பு அது. எலும்பை உடைத்துப் பொடியாக்கி உள்ளே தேடியபோது அங்கே மதம் இல்லை. மதம் கல்லறையில் இருந்தது, எலும்பில் இல்லை.

நம் நாட்டுச் சாட்சி

"அதெல்லாம் அயல்நாட்டுக் கதை, நம் நாட்டுக்கு வாருங்கள்" என்பீர்கள். வருகிறோம்.

உத்தராகண்ட் மாநிலத்து இமயத்திலே, ஐயாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் ரூப்குண்ட் என்றொரு சிறு ஏரி. கரையிலும் நீரிலும் நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள். 1942ஆம் ஆண்டு வனக்காவலர் ஒருவர் கண்டு உலகுக்கு அறிவித்தார். அங்கே வழங்கும் நாட்டுப்பாடல் என்ன சொல்லுகிறது? ஓர் அரசன் ஆடல் மகளிரோடு ஆரவாரமாக யாத்திரை வந்தானாம், நந்தாதேவி சினந்தாளாம், வானிலிருந்து கல்மழை பொழிந்து அனைவரையும் ஒரே நாளில் கொன்றாளாம்.

ஐதராபாத்து உயிரணு மூலக்கூறு உயிரியல் மைய அறிஞர்களும் அயல்நாட்டு அறிஞர்களும் சேர்ந்து 38 பேரின் மரபணுவைப் படித்து 2019இல் வெளியிட்டனர். அவர்களுள் 23 பேர் தெற்காசிய முன்னோரை உடையவர். காலம் ஏழாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை. மேற்கே உமையாக்களும் அப்பாசியரும் ஆண்ட அதே காலம். ஒரே நாளில் மாண்டவரல்லர். வெவ்வேறு காலங்களில் மாண்டவர். ஆணும் பெண்ணும் இருந்தனர். நெருங்கிய உறவினர் அவர்களுள் இல்லை. ஒரே குலத்தாரும் அல்லர். இந்தியத் துணைக்கண்டத்தின் பல்வேறு மக்கட்பிரிவுகளிலிருந்து வந்தவர். மற்றோரில் 14 பேரோ கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதியைச் சேர்ந்தவர். கிரேக்கம், கிரீட் தீவு ஆகியவற்றின் மக்களை ஒத்தவர்! அவர்கள் மாண்டது ஏறத்தாழ 1800ஆம் ஆண்டளவில். எஞ்சிய ஒருவர் தென்கிழக்காசியர்.

தேவியின் ஒரு நாள் கோபம், ஆயிரம் ஆண்டுக் கணக்காக நீண்டுவிட்டது! சினம் கொண்டவள் கிரேக்க நாட்டானையும் விடவில்லை போலும்! கதை கட்டியவன் ஒரு மன்னனைப் பார்த்தான். எலும்போ, உறவில்லாத பல குலத்து மனிதர் ஒரே பாதையில் நடந்ததைக் காட்டிற்று.

தெற்கே வருவோம். இங்கே அக்காலத்து எலும்பு பேசவில்லை என்றால் செப்பேடு பேசுகிறது. கொல்லத்துக் கிறித்தவப் பள்ளிக்கு வேணாட்டு அய்யனடிகள் 849ஆம் ஆண்டளவில் வழங்கிய தரிசாப்பள்ளிச் செப்பேடு வட்டெழுத்திலே எழுதப்பட்டது. அதன் சாட்சிகள் கையொப்பமிட்ட எழுத்துகளைப் பாருங்கள்: அரபு எழுத்து, பாரசீகத்துப் பஹ்லவி எழுத்து, எபிரேய எழுத்து! முஸ்லிமும் பார்சியும் யூதரும் ஒரு கிறித்தவப் பள்ளியின் சொத்துக்குச் சாட்சி நின்றிருக்கின்றனர். வாணிகத்துக்காக வந்தவர், நம்பிக்கைக்கு உரியவராய் நின்றவர். இவரைத்தான் வந்தேறி என்கிறீர்களா?

இனி இன்றைய முஸ்லிம்களைப் பற்றிய கேள்வி. ஐதராபாத்து மையத்தின் அறிஞர்கள் இந்தியாவின் பல பகுதிகளைச் சேர்ந்த ஆறு முஸ்லிம் சமூகங்களை ஆராய்ந்து 2010ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். அவர்களுடைய மரபணுவின் பெரும்பங்கு அந்தந்தப் பகுதியிலே அடுத்த தெருவில் வாழும் முஸ்லிமல்லாத மக்களுடையதே! வெளியிலிருந்து வந்த பங்கு சிறிதளவு உண்டு. அதுவும் பெரும்பாலும் ஈரான், நடு ஆசியப் பகுதிகளிலிருந்து வந்தது. அரபு நாட்டிலிருந்து நேரே வந்தது மிகக் குறைவு. குருதி பரவியதைவிடக் கொள்கையே பரவியது என்பது அவர்கள் கண்ட முடிவு.

முதல் நண்பரே, இப்போது என்ன சொல்லப்போகிறீர்? நீர் விரட்டத் துடிப்பவன் உம் பங்காளி! இரண்டாம் நண்பரே, நீர் மார்தட்டும் அரபுப் பெருங்குடி எங்கே? உம்முடைய பாட்டி வைப்பாற்றங்கரையிலோ தாமிரபரணிக் கரையிலோ களை பறித்தவளாக இருக்கக்கூடும். அதைக் கூற நாணுவானேன்? தீண்டாதே என்று தள்ளிய கூட்டத்தைவிட்டு, தோளோடு தோள் நின்று தொழலாம் என்று அழைத்த கூட்டத்துக்கு அவள் நடந்து சென்றிருந்தால், அது அரபுப் பாட்டனைவிடப் பெருமை தரும் வரலாறல்லவா? மனிதராக நடக்க விரும்பியவளின் வரலாறு அது!

சாதிக் குருதிக்கு வருவோம்

மூன்றாம் நண்பருக்கும் விடை தயாராக இருக்கிறது. 2013ஆம் ஆண்டு இந்திய, அமெரிக்க அறிஞர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு கூறுவது இது: ஏறத்தாழ 4,200 ஆண்டுக்கு முன் தொடங்கி 1,900 ஆண்டுக்கு முன் வரை இந்நாட்டு மக்கள் தாராளமாகக் கலந்திருக்கின்றனர். உயர்ந்தவர் எனப்பட்டோர், தாழ்ந்தவர் எனப்பட்டோர், மலைவாழ் மக்கள் அனைவரிடமும் அக்கலப்பு உண்டு. அதன்பிறகுதான் கதவு அடைபட்டது. தன் குலத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் இறுகியது. ஆக, சாதி என்பது ஆதியில் இருந்ததல்ல. கலந்து வாழ்ந்த மக்கள் நடுவே பின்னால் எழுப்பிய சுவர்!

அச்சுவரால் விளைந்த நன்மை என்ன? தூய்மையா? நோய்! சிறு வட்டத்துக்குள்ளேயே நூறு தலைமுறை மணந்தால், எங்கோ ஒரு மூதாதையிடம் இருந்த பழுது வட்டம் முழுவதும் பரவுகிறது. தென்னாட்டு வணிகச் சமூகம் ஒன்றில், அறுவைக்கு முன் தசையைத் தளர்த்தத் தரும் மருந்தின் ஆற்றலை உடல் விரைவில் முறிக்க இயலாத குறை மிகுதியாகக் காணப்படுவதை மருத்துவர் அறிவர். சில நிமிடத்தில் தெளிய வேண்டியவர் மணிக்கணக்கில் தாமே மூச்சுவிட இயலாமல் கிடப்பர். தூய குருதி தந்த பரிசு இதுதான்!

எங்கள் சிவகாசி, சாத்தூர் வட்டாரத்திலே பட்டாசு ஆலை வெடிக்கும் நாளை எண்ணிப் பாருங்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலே வெடித்தது, பலர் மாண்டனர். அத்தகைய நாளில் மருத்துவமனை வாயிலில் குருதி கொடுக்க வரிசையில் நிற்பவனை எவரும் சாதி கேட்பதில்லை. எந்தப் பிரிவுக் குருதி என்றே கேட்கின்றனர். அடையாளம் தெரியாமல் கருகிய உடலை இன்னார் பிள்ளை என அறிய மருத்துவர் நாடுவதும் இதே மரபணுவைத்தான். அந்தச் சோதனை, "இது யார் பெற்ற பிள்ளை?" என்ற கேள்விக்கு விடை தரும். "எந்தக் கோயிலுக்குள் போகலாம்?" என்ற கேள்விக்கு விடை தராது. மரபணுவால் மனிதருக்கு ஆகும் பயன் அது. அதை விட்டுவிட்டு, அண்டைவீட்டானை விரட்ட அதைத் தேடுவோரை என்னென்பது!

நம்மவருக்கும் ஒரு சொல்

பகைவரைச் சாடுவது எளிது. நம் பாசறைக்குள்ளும் நோக்குவோம். நம் தோழர் சிலர், "மரபணு வந்துவிட்டது, இனி நாமே தூய திராவிடர் என நிறுவிவிடலாம்" என மகிழக் காண்கிறோம். 2019ஆம் ஆண்டு அரியானாவின் ராகிகடியிலே கிடைத்த சிந்துவெளிப் பெண் ஒருத்தியின் மரபணு வெளிவந்தது. புல்வெளி நாட்டிலிருந்து வந்த மேய்ப்பரின் பங்கு அவளிடம் இல்லை. "ஆரியர் வரவே இல்லை!" எனக் கூவினர் ஒரு சாரார். "அவள் தமிழச்சி!" எனக் கூவினர் நம்மவர் சிலர். அவள் ஒருத்தி, ஓர் ஊர், ஒரு காலம். அவள் வாய் பேசிய மொழி எதுவென எந்த எலும்பும் சொல்லவில்லை. அதே மாதம் வெளிவந்த மற்றோர் ஆய்வு, அந்த மேய்ப்பரின் வழியினர் கி.மு. 2000க்கும் 1500க்கும் இடையே தெற்கு நோக்கி வந்ததைக் காட்டிற்று. அதை மறைத்துவிட்டு இதை மட்டும் பேசியோரின் சூழ்ச்சியை நாம் அம்பலப்படுத்த வேண்டும். ஆனால் அவர்களுடைய முறையையே நாமும் கைக்கொள்ளலாகாது.

கீழடியை அடுத்த கொந்தகையின் தாழிகளிலிருந்து எடுத்த இரு மண்டையோடுகளுக்கு, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து முகம் அமைத்து 2025இல் வெளியிட்டன. அரியதோர் அறிவுப்பணி. அதைக் கண்டு, "இம்மூக்கு எந்தச் சாதியின் மூக்கு?" எனக் கேட்டால், கீழடியைத் தோண்டிய மண்வெட்டிக்கே வெட்கமாகும்! எங்கள் வைப்பாற்றங்கரையிலே, வெம்பக்கோட்டைப் பகுதியின் விஜயகரிசல்குளத்து மேட்டில் 2022 முதல் மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்தது. சங்கு வளையல் அறுத்த கைகளை அந்த மேடு காட்டிற்று. அந்தக் கைகளின் தொழிலைக் கொண்டாடுவோம். சாதிச் சான்றிதழைத் தேட வேண்டாம்.

திராவிடம் என்று நாம் கூறுவது குருதியின் பெயரல்ல. மொழியின் பெயர், நிலத்தின் பெயர், ஏய்த்தவனுக்கு எதிரே ஏய்க்கப்பட்டவர் ஒன்றுகூடிய அணியின் பெயர். அதைக் குருதிக் கணக்காகச் சுருக்கினால், நாம் இடித்த சுவரை நாமே மீண்டும் எழுப்பியவர் ஆவோம்.

2022 மே மாதத்தில், இந்திய மக்களின் இனத்தூய்மையை அறிய மரபணுக் கருவிகள் வாங்க ஒன்றிய அரசின் பண்பாட்டு அமைச்சகம் முனைவதாக நாளேடு ஒன்று எழுதிற்று. அமைச்சகம் அதை மறுத்தது. ஆனாலும் அறிவியலாளரும் வரலாற்றறிஞரும் பலர் கையொப்பமிட்டு எதிர்ப்புக் கடிதம் எழுதினர். இனத்தூய்மை என்ற சொல் ஜெர்மனியை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை அவர்கள் மறக்கவில்லை. நாமும் மறக்கலாகாது.

ஆகவே, இளைஞரே! "மரபணு சொல்லுகிறது" என்று எவனாவது உங்களிடம் வந்து நின்றால், சினம் கொள்ளாதீர், கேள்வி கேளுங்கள். எத்தனை பேர் எலும்பைப் படித்தனர் என்று கேளுங்கள். எந்தக் காலத்து எலும்பு என்று கேளுங்கள். தாய்வழிக் கூறா, தந்தைவழிக் கூறா, முழுக் கலவையா என்று கேளுங்கள். ஆய்வாளர் சொன்னதா, நீ சேர்த்ததா என்று கேளுங்கள். இந்த நான்கு கேள்விகளைத் தாங்கும் வெறுப்புப் பிரசாரம் எதையும் நாம் இதுவரை கண்டதில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கும் இவற்றைக் கற்றுக்கொடுங்கள். ஒரு வகுப்பிலே பக்கத்துப் பலகையில் அமர்ந்திருப்பவனை நோக்கி, "நீ எந்த ஊரிலிருந்து வந்தவன்?" என்று ஒரு பிள்ளை கேட்கிறதென்றால், அந்தக் கேள்வியை அதன் நாவிலே வைத்த பெரியவன் ஒருவன் எங்கோ இருக்கிறான். அவனுக்கு விடை சொல்ல வேண்டியது நம் கடமை.

இன்னும் ஒன்று. நூறு கூட்டத்தில் நூறு சொற்பொழிவு கேட்டாலும், தன் தங்கையின் திருமணம் என்றவுடன் சாதிச் சங்கத்துப் பதிவேட்டைப் புரட்டுகின்றவன், ஆய்வுகளைப் பற்றிப் பேசத் தகுதியற்றவன். 1,900 ஆண்டுக்கு முன் அடைத்த கதவை விரிவுரையால் திறக்க முடியாது. மணமேடையில்தான் திறக்க முடியும்!

தெல் கராசாவிலும் நீம் நகரிலும் யாரோ சிலர் தம்மோடு வந்து மாண்டவனை மரியாதையோடு மண்ணிலே கிடத்தினர். இறந்தவனுக்கு அவர்கள் காட்டிய மரியாதையை, உயிரோடு நம் அடுத்த வீட்டில் இருப்பவனுக்கு நாம் காட்டத் தவறினால், நம்மைப் பற்றி நாளை எந்த எலும்பு நற்சான்று கூறும்?